வெட்டுப்புள்ளி வரும் முன்பே சைக்கிள் வரட்டும்

கேள்வி:

நாங்கள் சாம்பல்தீவில் வசிக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகள் இம்முறை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதியிருக்கிறாள். பெறுபேறு இன்னும் வரவில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் சைக்கிள் வாங்கித் தருவதாக அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார். 160 புள்ளிக்கு மேல் எடுத்தால் டெப் அனுப்புவதாகக் கனடாவில் இருக்கும் என் அண்ணா சொல்லியிருக்கிறார். பிள்ளை ஒரு வருடமாகப் படாத பாடு பட்டுவிட்டாள். தம்பலகாமத்தில் இருக்கும் அம்மம்மா வீட்டுக்குக்கூட ஒரு விடுமுறைக்கும் போகவில்லை. பரீட்சை முடிந்து வந்த அன்று இரவு, "வெட்டுப்புள்ளி வராவிட்டால் சைக்கிள் இல்லையா அம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படியும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் நினைக்கிறேன். சித்தியடையாமலே பரிசு கொடுத்தால் படிப்பில் அக்கறை போய்விடும் என்கிறார் கணவர். இன்னொன்றும் இருக்கிறது. மூத்தவன் மூன்று வருடங்களுக்கு முன் இதே பரீட்சையில் நான்கு புள்ளிகளால் தவறினான். அவனுக்கு உதைபந்தாட்டச் சப்பாத்து வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அது அப்படியே நின்றுபோனது. அதைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது தங்கைக்குச் சைக்கிள் வந்தால் அவன் என்ன நினைப்பான்? நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாய், சாம்பல்தீவு, திருகோணமலை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சைக்கிளை வாங்கிக் கொடுங்கள். பெறுபேறு வருவதற்கு முன்பே வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் இந்த வாரமே கடைக்குப் போய்விடுங்கள்.

இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெறுபேறு வந்த பின் நீங்கள் கொடுக்கும் சைக்கிளுக்கு இரண்டு அர்த்தங்கள்தான் இருக்க முடியும். அவள் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தால் அது புள்ளிக்குக் கொடுத்த விலை. தாண்டாவிட்டால் அது ஆறுதல். ஆறுதல் சைக்கிளைப் பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அதில் ஏறும்போதெல்லாம் தவறிய புள்ளிதான் நினைவுக்கு வரும். இன்று கொடுத்தால் மட்டுமே அது அவளுடைய உழைப்புக்குரியதாக இருக்கும். ஏனென்றால் இன்று உங்கள் கையில் அவளுடைய உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பெறுபேறு வெளியான பின் எவ்வளவு அழகாகப் பேசினாலும் இந்த நாட்கள் திரும்பி வரமாட்டா.

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கட்டார் வெயிலில் உழைத்துக் காசு அனுப்பும் ஒரு தகப்பன், தன் பிள்ளை எதையும் உழைக்காமல் பெற்றுவிடக் கூடாது என்று நினைப்பது நியாயம். ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை ஏற்கெனவே உழைத்துவிட்டாள். உழைப்பு முடிந்துவிட்டது. இனி வரப்போவது கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கில் அவளுடைய கை எவ்வளவு, மற்றவர்களுடைய கை எவ்வளவு என்று பார்ப்போம்.

இரண்டு வினாத்தாள்கள், இரண்டே கால் மணி நேரம், மொத்தம் 200 புள்ளிகள். அதில் அவள் எடுக்கும் புள்ளி அவளுடையது. வெட்டுப்புள்ளி அவளுடையது அல்ல. அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, தமிழ் மொழிமூலத்துக்கும் சிங்கள மொழிமூலத்துக்கும் வேறு. உதவிப்பணத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, பெரிய பாடசாலைகளில் தரம் 6 இல் சேர்வதற்குப் பாடசாலைக்குப் பாடசாலை இன்னொரு வெட்டுப்புள்ளி. எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன, எத்தனை பேர் அந்தப் பாடசாலையைக் கேட்டார்கள், அவர்கள் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். உதவிப்பணம் கிடைப்பதற்குக் குடும்பத்தின் வருமானமும் பார்க்கப்படுகிறது. ஆகவே ஒரே புள்ளியை எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி "சித்தி" என்றும் மற்றவள் "தவறினாள்" என்றும் ஊரில் பேசப்படுவது நடக்கக்கூடியதுதான். முகம் தெரியாத பிள்ளைகள் எடுத்த புள்ளிகளோடு உங்கள் மகளின் சைக்கிளைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அவள் எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கயிறு அவள் கையில் இல்லை.

2024 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்று பிரச்சினை எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குவதென்று முடிவாகி, பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. நான்கு மாதங்கள். பரிசு தருவதாக வாக்குக் கொடுத்த வீடுகளில் பரிசும் நான்கு மாதங்கள் தொங்கியது. பத்து வயதுப் பிள்ளைக்கு நான்கு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று பெரியவர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம்.

பரிசு கொடுத்தால் அக்கறை போய்விடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அது எதற்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளியலாளர் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பார்த்தார். அந்த ஆய்வு 2011 இல் வெளியானது. நியூயோர்க்கில் பரீட்சைப் புள்ளிக்குக் காசு. டலஸ் நகரில் வாசித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு டொலர். புள்ளிக்குக் காசு கொடுத்த இடத்தில் புள்ளி ஏறவில்லை. புத்தகத்துக்குக் காசு கொடுத்த இடத்தில் பிள்ளைகளின் வாசிப்பு விளக்கம் முன்னேறியது. நியூயோர்க் பிள்ளைகளுக்கும் ஆசை குறைவில்லை. "இன்னும் கூடுதலாகப் பெற என்ன செய்யலாம்?" என்று அவர்களிடம் கேட்டபோது, வினாவைக் கவனமாக வாசிக்க வேண்டும், விடையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். பாடப்புத்தகத்தை வாசிக்கலாம், விளங்காததை ஆசிரியரிடம் கேட்கலாம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவில்லை. "160 எடு" என்பது ஒரு பிள்ளையால் செய்யக்கூடிய காரியம் அல்ல. "பிழைத்த கணக்கைத் திரும்பச் செய்" என்பது அவளால் செய்யக்கூடியது.

ஆகவே சைக்கிளைக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். "நீ கெட்டிக்காரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1998 இல் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகள்தான், ஐந்தாம் வகுப்பு, முதலில் இலேசான புதிர்களைச் செய்தார்கள். சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நீ நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள், எல்லோரும் சறுக்கினார்கள். மூன்றாம் முறை மறுபடியும் இலேசானவை. புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முதல்முறையை விடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சியைப் பாராட்டக் கேட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். இன்னொன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. வேறு பாடசாலைப் பிள்ளைக்குத் தங்கள் புள்ளியை எழுதச் சொன்னபோது, புத்திசாலிப் பட்டம் பெற்ற பிள்ளைகளில்தான் கூட்டி எழுதியவர்கள் அதிகம். அந்தப் பட்டத்தைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஓர் ஆய்வு வேதவாக்கு அல்ல. ஆனால் உளவளத்துணையாளராக இந்த மாவட்டத்தில் நான் சந்தித்த பிள்ளைகளோடு அது பொருந்துகிறது. மாதிரி வினாத்தாளின் புள்ளியை அழித்துத் திருத்திக் காட்டிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஒருவரும் சோம்பேறிகள் அல்லர். எல்லோரும் வீட்டில் "எங்கள் கெட்டிக்காரி", "எங்கள் கெட்டிக்காரன்" என்று அழைக்கப்பட்டவர்கள்.

அதற்காக "நன்றாக முயன்றாய்" என்று வாய்க்கு வந்தபடி சொன்னாலும் பிரயோசனம் இல்லை. தோற்றவர்களுக்குச் சொல்லும் வார்த்தை அது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் அது தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு வருடத்தைத் திரும்பிப் பாருங்கள். அவள் எந்தப் பாடத்தில் விழுந்து எழுந்தாள்? எந்த நாள் அழுதுவிட்டு மறுபடியும் கொப்பியைத் திறந்தாள்? விளங்காததை வெட்கப்படாமல் ஆசிரியரிடம் கேட்டது எப்போது? கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதத்து மத்தியானத்தில், தகரக் கூரையின் கீழ் நடந்த ரியூசன் வகுப்புக்குப் போய்வந்ததைச் சொல்லலாம். "நுண்ணறிவு வினாவில் ஆரம்பத்தில் பாதி கூட உன்னால் முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் பத்து வினா செய்தாய். கடைசியில் நேரத்துக்குள் முடித்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தச் சைக்கிள் அதற்காக." இப்படி ஒன்று போதும். "நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு அது சைக்கிளை விடப் பெரிது.

இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டும் அல்ல. நிபந்தனை போட்டவர் அப்பா. அதை எடுக்க வேண்டியவரும் அவர்தான். நீங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு "அப்பாவுக்குச் சொல்லாதே" என்று வைத்துவிட்டால், அவர் மனத்தில் அந்த நிபந்தனை இன்னும் நிற்கிறது என்று பிள்ளை எண்ணிக்கொண்டே ஓட்டுவாள். வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நாளாக இருந்தால் அன்று வட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லுங்கள். "அப்பா புள்ளிக்கென்று சொன்னது பிழை, மகள். நீ ஒரு வருடம் உழைத்தாய். அதற்குத்தான் இது" என்று அவர் வாயால் வரட்டும். பிழை என்று ஒப்புக்கொண்டால் தகப்பனின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவர் நினைத்தால், குறையாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வாக்கை இறுக்கினால்தான் மதிப்புக் குறையும், தளர்த்தினால் குறையாது.

அண்ணாவின் டெப் வேறு விடயம். அதை நான் விரும்பவில்லை. 159 எடுத்தால் இல்லை, 160 எடுத்தால் உண்டு என்பது ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் கணக்கு அல்ல. அத்தோடு பத்து வயதில் தனக்கென்று ஒரு டெப், அதுவும் பார்த்துக்கொள்ள வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கும்போது, உங்களுக்குத்தான் பாரம். அவர் அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆகவே மறுக்க வேண்டாம், திருப்பிவிடுங்கள். அந்தக் காசில் ஒரு பகுதியை அவள் பெயரில் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லலாம். இல்லாவிட்டால் அவளுக்குப் பிடித்த கதைப் புத்தகங்களை அவளே தெரிவுசெய்யட்டும். புள்ளியைப் பற்றி அவளிடம் கேட்கும் முதல் ஆளாகத் தான் இருக்க வேண்டாம் என்று அண்ணாவிடம் ஒரு வேண்டுகோளும் வையுங்கள். பெறுபேறு வரும் நாளில் வெளிநாட்டு அழைப்புகள் நம்முடைய வீடுகளில் படுத்தும் பாடு கொஞ்சமல்ல.

பரிசு என்றதும் எல்லோருக்கும் கடைதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தம்பலகாமம். ஒரு வருடமாக அந்தப் பிள்ளை அம்மம்மா வீட்டுக்குப் போகவில்லை. பரீட்சை அவளிடமிருந்து எடுத்தது அதைத்தான். அதைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு வாரம் அங்கே விட்டுவிடுங்கள். வயல் வரப்பில் நடக்கட்டும், அம்மம்மாவின் கையால் தயிரும் சோறும் சாப்பிடட்டும், ஆதிகோணநாயகர் கோயிலுக்குப் போய்வரட்டும். யாரும் அவளிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று அம்மம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமைகளையும் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வகுப்புக்கு இப்போதே ரியூசன் ஆரம்பிக்கும்படி யாராவது சொன்னால், ஜனவரி வரை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன். நல்ல புள்ளி எடுத்தவன். ரியூசன் வகுப்பு வாசலில் அவனுடைய படத்தோடு பதாகை தொங்கியது. கேட்ட பரிசும் கிடைத்தது. தரம் 6 க்குப் போன முதல் தவணையிலேயே கொப்பியைத் தொட மறுத்தான். பெற்றோர் பயந்துபோய் அழைத்து வந்தார்கள். மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னது இதுதான்: "எல்லாம் முடிந்துவிட்டதுதானே." அவனைப் பொறுத்தவரை அது நேர்மையான பதில். ஒரு வியாபாரம் பேசினார்கள், அவன் தன் பக்கத்தை நிறைவேற்றினான், பொருள் கைக்கு வந்தது, கணக்குத் தீர்ந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வருடங்கள் இருக்கின்றன என்பதை யாரும் அந்தப் பேரத்தில் சேர்க்கவில்லை. உங்கள் கணவர் பயப்படும் அக்கறையின்மையை நான் அதிகம் கண்டது சித்தியடைந்த பிள்ளைகளிடம்தான். அவரிடம் இதையும் சொல்லுங்கள்.

இந்தப் பரீட்சை தொடங்கிய காலத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு 1940களில் வந்தது இது. வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரிகளில் படிப்பதற்குக் கதவு திறக்க வந்த பரீட்சை. அன்று புலமைப்பரிசில் என்பதே பரிசு. இன்று அதற்கு மேல் சைக்கிள், டெப், பதாகை என்று நாம் ஏற்றிவைத்த சுமையைப் பத்து வயதுத் தோள் தாங்குகிறது.

பெறுபேறு வரும் நாளுக்கு ஒரு சிறு ஏற்பாடு. சுட்டெண்ணை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். முதலில் நீங்கள் பாருங்கள், அவளோடு சேர்ந்து பாருங்கள். என்ன வந்திருந்தாலும் அன்று மத்தியானச் சாப்பாடு முன்பே தீர்மானித்ததாக இருக்கட்டும்; புள்ளியைப் பார்த்துச் சமைக்க வேண்டாம். குறைவாக வந்திருந்தால் அவள் அழலாம். அழட்டும். "பரவாயில்லை, சைக்கிள் இருக்கிறதுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் எதிர்பார்த்த ஒன்று கிடைக்கவில்லை, அது வலிக்கும். பக்கத்தில் இருங்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் அவள் விரும்பினால் சைக்கிளை எடுக்கட்டும். ஒழுங்கைக்குள் ஓட்டட்டும், நிலாவெளி வீதிக்கு இப்போது வேண்டாம். பஸ்களும் சுற்றுலா வான்களும் போகும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

இனி மூத்தவன். கடிதத்தின் கடைசியில் நான்கு வரியில் அவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதம் முழுவதும் அவனைப் பற்றியதாகவே தெரிந்தது. "அதைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்டதில்லை" என்கிறீர்கள். பத்து வயதுப் பையன் தனக்குச் சொன்ன சப்பாத்தை மறப்பதில்லை. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று எண்ணிக்கொண்டான். மூன்று வருடங்களாக அப்படி எண்ணிக்கொண்டிருக்கிறான். இப்போது தங்கை வெட்டுப்புள்ளி இல்லாமலே சைக்கிளில் ஏறினால், தங்கைமீது கோபம் வருவது சிறிய விடயம். "அப்படியானால் என்னுடைய உழைப்பை மட்டும் யாரும் பார்க்கவில்லை" என்று நினைப்பான். அதுதான் பெரியது.

ஆகவே முதலில் அவனிடம் பேசுங்கள். தங்கையின் சைக்கிளுக்கு முன், தங்கை இல்லாத நேரத்தில். விளக்கம் சொல்ல வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். "மகன், அன்று உனக்கும் நாங்கள் இப்படித்தான் செய்திருக்க வேண்டும். நீயும் உழைத்தாய். நாங்கள் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டோம். அது எங்களுடைய பிழை." அப்பாவும் அவனோடு தனியாகப் பேச வேண்டும். அவன் "அதெல்லாம் பரவாயில்லை" என்று எழுந்து போய்விடலாம். பதின்மூன்று வயதில் அப்படித்தான் போவார்கள். போகட்டும். கேட்டுவிட்டான் என்பதுதான் வேண்டும். அதன் பிறகும் அவன் ஒதுங்கியே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், விளையாட்டிலும் மனம் வைக்காவிட்டால், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சப்பாத்தையும் வாங்கிக் கொடுங்கள், பிந்தியென்றாலும். அதை ஆச்சரியமாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், அவனைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று வருடங்களில் காலின் அளவு மாறியிருக்கும்.